மைமூன் பீவியின் அவரை விதைகள்

கடலூரில் ஆசிரியர்களுக்கு நடந்த எட்டு நாள் வகுப்பை முடித்துக்கொண்டு செஞ்சியில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கார்த்திகை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பூக்காரி அஞ்சலை கூடையை முந்தானையால் மூடிக்கொண்டு பஸ் நிலையத்துக் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றாள். என்னைப் பார்த்ததும் வழியை மறித்தாள்.

“இன்னா டீச்சரம்மா, இப்பத்தான் வர்றீங்களா? வெதக்கடை பாய் ஊட்டம்மா பூட்டாங்களே, உங்களுக்கு யாரும் சொல்லலியா?”

பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், “எப்போ?” என்று கேட்டேன்.

“முந்தாநேத்து. தூக்கத்துலியே. ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவு குடுக்கல.” அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சற்றுக் கோபமாகவே சொன்னாள்: “அவங்க தெனமும் சொல்லிக்கினு வந்த கதை எனக்குப் பாதியில நிக்குது டீச்சரம்மா. அந்தப் பொண்ணு கடைசில ஊர் திரும்புச்சா இல்லியான்னு சொல்லாமலே பூட்டாங்க.”

இரங்கல் சொற்கள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். மைமூன் பீவிக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது.

நம் வாசகர் வட்டத்தின் கையெழுத்து இதழில் அவரைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். இந்த வகை எழுத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. இறந்தவர்கள் எல்லோரும் இரண்டு பக்கத்துக்குள் நல்லவர்களாகிவிடுகிறார்கள். மைமூன் பீவி பிடிவாதக்காரர். குழம்பில் உப்பைக் கொட்டுவார். பிடிக்காத கதாபாத்திரம் ஒன்று வந்துவிட்டால் அவர் பேசும் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது. அவரை அறிந்த உங்களுக்கு இதெல்லாம் நினைவிருக்கும் என்பதால்தான் எழுதத் துணிகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் பள்ளி விட்டு நான் கிளம்பும் நேரத்தில், வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துப் போர்த்தியபடி ஓர் அம்மாள் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் நூலக உறுப்பினர் படிவம் இருந்தது. அரசு ஊழியர் ஒருவர் அதில் பொறுப்புக் கையெழுத்துப் போட வேண்டும். கடைத்தெருவில் விதைக்கடை வைத்திருக்கும் காதர் பாயின் மனைவி என்று சொன்னார். விண்ணப்பதாரர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை இருந்தது.

“உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டேன். கேள்வியில் இருந்த மரியாதைக் குறைவு எனக்குப் பிறகுதான் உறைத்தது.

“படிப்பேன். எழுத வராது” என்றார் அவர். “எங்க கடையில பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பரு, பழைய பொஸ்தகம் மூட்டை மூட்டையா வரும். அதை வெச்சிக்கினு நானாத்தான் எழுத்துக் கூட்டினேன். இருவது வருசமாப் படிக்கிறேன். ஆனா ஒரு கதைக்கும் எனக்கு முடிவு தெரியாது டீச்சரம்மா. நடுவுல இருக்குற ஏடு வெத மல்லாட்டையோட எவன் ஊட்டுக்கோ போயிடுது.”

எந்த மாதிரிப் புத்தகங்கள் படிக்க விருப்பம் என்று கேட்டேன். எம்.ஏ. படித்தவர்கள் கேட்கும் கேள்வி அது.

“முடிவு இருக்கிற பொஸ்தகம்” என்றார்.

கையெழுத்துப் போட்டேன். போகும்போது அவராகவே சொன்னார்: “நூறு படிக்கலாம்னு இருக்கேன். எடது கண்ணுல புரை வந்துடுச்சு. இன்னொண்ணுலயும் வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள நூறு. மொத எழுத்துலேருந்து ‘முற்றும்’ வரைக்கும்.”

புத்தகங்களை எண்ணிப் படிப்பது எனக்கு ஒரு காலத்திலும் பிடித்ததில்லை. படிப்பு என்ன நெல் மூட்டையா, எண்ணி அடுக்குவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் எப்படியும் முப்பதைத் தாண்ட மாட்டார் என்றும் நினைத்தேன்.

எழுத வராதவர் எப்படிக் கணக்கு வைத்திருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு புத்தகம் முடிந்ததும் கடை மூட்டையிலிருந்து ஓர் அவரை விதையை எடுத்து ஒரு கண்ணாடிப் போத்தலில் போடுவார். அதற்கும் சட்டம் உண்டு. ஒரு முறை நூலகத்தில் என்னைப் பார்த்தபோது, போட்ட விதையை வெளியே எடுத்துவிட்டதாக வருத்தத்துடன் சொன்னார். ஏன் என்றேன். “மலையும் ஆறுமா நாப்பது பக்கத்துக்கு வர்ணனை. தாண்டிப் போயிட்டேன். ராத்திரியெல்லாம் மனசு ஒப்பல. மறுக்காப் படிச்சிட்டுத்தான் போடணும்” என்றார். படித்தேவிட்டார். அந்த நாற்பது பக்கத்தையும் எழுதியவரே இரண்டாம் முறை படித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

என்னிடமும் ஒரு கணக்கு இருந்தது. கல்லூரியை விட்ட நாளிலிருந்து ஒவ்வொரு ஆண்டுப் பிறப்புக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்த ஆண்டு படிக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு வந்தேன். கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது பையிலிருந்த அந்த நோட்டை மைமூன் பீவி வாங்கிப் பார்த்தார். நல்ல கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இதெல்லாம் படிச்சதா, படிக்கப் போறதா?”

“படிக்கப் போறது.”

“அப்ப இது கல்யாணப் பத்திரிகை. கல்யாணம் எப்போ?”

கல்லாவில் இருந்த காதர் பாய் சிரிப்பை அடக்க முடியாமல் தராசுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். நான் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்று வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். எழுபதாம் பக்கத்தில், நூற்றிருபதாம் பக்கத்தில் என்று காகிதத் துண்டுகள் செருகிய புத்தகங்களே அதிகம் இருந்தன. முடிவு தெரியாத கதைகள் என்னிடமும் நிறைய இருந்தன. அவற்றை யாரும் கிழித்துப் பொட்டலம் மடித்திருக்கவில்லை.

இனி நான் செய்த தவற்றுக்கு வருகிறேன். நூலகத்தில் சிலருக்கு அது அரைகுறையாகத் தெரியும். முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அவர் உறுப்பினராகி இரண்டாண்டு ஆகியிருந்தது. ஆடி மாதத் தொடக்கத்தில் மகளின் பேறுகாலத்துக்காக அவர் ஆரணிக்குக் கிளம்பினார். கடைக்குப் பின்னால், கிணற்றைச் சுற்றி அவருடைய தோட்டம் இருந்தது. ஆடிப்பட்டம் தப்பிவிடுமே என்பது அவர் கவலை. பாய்க்குக் கடையை விட்டு நகர முடியாது. “டீச்சரம்மா, கூடத்து மாடத்துல போத்தல்ல அவரை வெத இருக்குது. நல்ல மழை ஒண்ணு பேஞ்சதும் சொவத்தோரமா ஊனிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்று பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனார்.

மழை பெய்த மறுநாள் போனேன். மாடத்தில் இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்றில் சாம்பல் நிறைந்திருந்தது; அதனடியில் ஏதோ பழைய கொட்டைகள் தெரிந்தன. மற்றது துடைத்துவைத்த கண்ணாடி. உள்ளே விதைகள் பளபளத்தன. வரலாற்றில் முதல் வகுப்பில் தேறிய நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. பளபளத்த விதைகளை எடுத்துக்கொண்டேன். வகுப்பில் பெஞ்சு வரிசை போடுவதுபோல நான்கு சுவர் ஓரமும் சாண் இடைவெளி விட்டு அத்தனையையும் ஊனினேன். எண்ணவில்லை. நான்தான் எண்ணுவதில் நம்பிக்கை இல்லாதவள் ஆயிற்றே.

விதைப்பதற்கென்று வைக்கும் விதையை வண்டு அரிக்காமலிருக்கச் சாம்பலில் புரட்டித்தான் வைப்பார்கள் என்பது செஞ்சியில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

ஆவணி முடிவில் அவர் திரும்பினார். அன்று மாலையே, செய்த வேலையைக் காட்டும் பெருமையோடு போனேன். கொடிகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. கொல்லைக் கதவருகே மைமூன் பீவி நின்றிருந்தார். ஒரு கையில் காலிப் போத்தல். மறு கையில் சாம்பல் போத்தல்.

“எதுல இருந்தத ஊனினீங்க?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு ஆண்டு, ஒற்றைக் கண். அறுபதுக்கு மேல் இருக்கும் என்றார் அவர். சரியான எண்ணிக்கை அவருக்கே தெரியாது. அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தானே போத்தல்? நூலகப் பதிவேட்டைப் பார்த்து எண்ணிக் கொண்டுவருகிறேன் என்றேன்.

தலையை ஆட்டி மறுத்தார். “அவங்ககிட்ட எடுத்த கணக்குத்தான் இருக்கும். முடிச்ச கணக்கு இருக்காது.”

கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார். காதர் பாய் எட்டிப் பார்த்து, “விடு மைமூனு, நூறுன்னு நீயாத்தானே சொல்லிக்கின. யார் கேக்கப் போறாங்க?” என்றார்.

“நான் கேப்பேன்” என்றார் மைமூன் பீவி.

பிறகு எழுந்து சுவரோரமாக நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு கொடியையும் தொட்டு எண்ணினார். அணிலும் எறும்பும் தின்றவை போக, முளைக்காதவை போக, இருபத்தொன்பது கொடிகள் நின்றிருந்தன. “இருவத்தொம்பது” என்று அறிவித்தார். “இதுலேருந்து மேல போறேன். மொளைக்காததெல்லாம் அந்தத் துப்பறியும் கதைங்களாத்தான் இருக்கும். போவட்டும்.”

அன்றைக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். நூறு ஆகும்வரை பள்ளி விட்டதும் தினமும் தோட்டத்துக்கு வருகிறேன் என்றேன். கோட்டையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் அவருடைய படிப்பைப் பாதியில் நிறுத்திவிடும். “கொரங்குக்கு ஒரு கண்ணு, கதைக்கு ஒரு கண்ணுன்னு வெக்கணும். எனக்கு இருக்கிறதே ஒரு கண்ணு” என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவருக்கு எழுத்துத் தெரியாது. பகலில் கடை வேலை. மாலை வெளிச்சம் ஒன்றுதான் அவருடையது. குரங்கு ஓட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டால் நாளுக்குப் பத்துப் பக்கம் கூடும் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் போட நானும் பழகிவிட்டிருந்தேன்.

அப்படித்தான் அந்தக் கார்த்திகை எனக்குக் கிடைத்தது. ஐப்பசி அடைமழை ஓய்ந்து, கிணற்றில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நின்றது. பந்தல் போதாமல் அவரைக்கொடிகள் சுவரேறிப் பக்கத்து வீட்டு ஓட்டின்மேலும் படர்ந்தன. கொத்துக் கொத்தாக வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்தன. கிணற்று மேட்டில் டிசம்பர் பூ. துவைகல் ஓரத்தில் சாமந்தி. சுவருக்கு மேலே ராஜகிரிக் கோட்டைமலை மழையில் கழுவிய கரும்பாறையாகத் தெரிந்தது. மேகம் இறங்கிவிட்டால் அதுவும் தெரியாது. நான் கையில் கோலோடு கல்லில் உட்கார்ந்திருப்பேன். சும்மா உட்கார முடியாமல் நாலாம் நாள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் போனேன். பல பக்கம் புரளும். பேச்சே இருக்காது. தேனீக்களின் சத்தம் கேட்கும். எங்களில் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்த்து, “இன்னிக்கு நேத்தையவிடப் பூ அதிகம்” என்பதோடு சரி. எனக்குக் கூட்டம் ஆகாது, பேச்சும் ஆகாது. இப்படி ஓர் உறவு உலகில் இருக்கக்கூடும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

கொடிகளுக்கெல்லாம் படித்த கதைகளை வைத்துப் பெயர் வைத்தார். “அந்தக் கப்பல் கதை காய்க்கவே மாட்டேங்குது பாருங்க, வெறும் எல. ரெண்டு பொண்டாட்டிக்காரன் கதை இன்னா காய் காய்க்குது!” கடைத்தெருவில் பாதிப் பேர் அந்த மார்கழி முழுவதும் எங்கள் அவரைக்காயைத்தான் சாப்பிட்டார்கள். முற்றிய காயை உரித்து, புதிய விதையில் இருபத்தொன்பதை எண்ணிக் கண்ணாடிப் போத்தலில் போட்டார். மிச்சத்தைச் சாம்பலில் போடும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “நல்லாப் பாத்துக்குங்க. இது ஊனுறது. அது உள்ள இருக்கிறது.”

அதன்பிறகு நான்கு கார்த்திகைகள் வந்தன. எத்தனை ஆயிற்று என்று மாதம் ஒரு முறை கேட்பேன். நாற்பத்தொன்று, அறுபது, எண்பத்தெட்டு என்று சொல்லிவந்தவர், போன ஆண்டிலிருந்து எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டார். “இன்னும் இருக்குது” என்பார். “கிட்ட வந்துட்டேன்” என்பார். மற்றக் கண்ணும் மங்குகிறது போலும், அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று எண்ணி நானும் வற்புறுத்தவில்லை.

பஸ்ஸைவிட்டு இறங்கிய அன்று பெட்டியோடு நேரே கடைக்குத்தான் போனேன். கதவு ஒருபுறம் மட்டும் திறந்திருந்தது. காதர் பாய் எழுந்து முக்காலியை நகர்த்திப் போட்டார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அவருக்கும் அது தெரியும். மனத்தில் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“பாய், நூறுக்கு இன்னும் எத்தனை பாக்கி இருந்தது?”

அவர் என்னை வியப்போடு பார்த்தார். “பாக்கியா? போன வருச ஐப்பசியிலயே நூறு தாண்டிருச்சே டீச்சரம்மா. அன்னிக்குப் பாயசம் வெச்சா ஊட்ல.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“நானும் கேட்டேன். டீச்சரம்மாகிட்ட சொல்லலியான்னு. ‘சொன்னா அந்தம்மா வர்றது நின்னுடும். நூறு ஆவுற வரைக்கும்னுதானே வாக்குக் குடுத்துது. பண்ண தப்புக்காக வருதோ, தோட்டத்துக்காக வருதோ, அது எனக்கு இன்னா தெரியும். இப்பிடியே இருந்துட்டுப் போவட்டும்’னுட்டா.” பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “அவ உங்ககிட்ட மறைச்சது இது ஒண்ணுதான். கோவிச்சுக்காதீங்க.”

உள்ளே போய் மூன்று பொருள்களை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். கண்ணாடிப் போத்தல், சாம்பல் போத்தல், நூலக முத்திரை போட்ட ஒரு நாவல். நாவலின் கடைசி அறுபது பக்கத்துக்கு முன்னால் ஓர் அவரை இலை செருகியிருந்தது. இலை இன்னும் முழுதாகக் காயவில்லை.

“பொஸ்தகத்தக் குடுத்துடுங்க. நாள் ஆயிடப் போவுது” என்றார். பிறகு சாம்பல் போத்தலைத் தொட்டு, “இது வந்து...” என்று தயங்கினார்.

“தெரியும் பாய். இது ஊனுறது.”

அந்த நிலையிலும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்து இந்த முறை எண்ணினேன். நூற்றுப் பதினாறு.

அவரிடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொண்டேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். கண்ணாடிப் போத்தலைப் பாயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது ஆரணியிலிருக்கும் மகளுக்குச் சேர வேண்டியது. சாம்பல் போத்தல் என் வீட்டு அலமாரியில், காகிதத் துண்டு செருகிய புத்தகங்களுக்கு நடுவே ஆடி மாதத்துக்குக் காத்திருக்கிறது. கொல்லைக் கதவை முன்போலவே தாழிடாமல் வைப்பதாகப் பாய் சொன்னார். குரங்குகளும் முன்போலவே வருகின்றன.

நாவலை என் பெயருக்கு மாற்றி எடுத்துக்கொண்டேன். இலை இருந்த இடத்திலிருந்து அறுபது பக்கத்தைப் படித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய சட்டம் அதற்கு இடம்கொடுக்கவில்லை. முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். பள்ளி விட்டதும் போய் அதே கல்லில் உட்கார்ந்தேன். இந்த ஆண்டும் பூ அதிகம். ஒன்பது மாலை ஆயிற்று. வர்ணனை எதையும் தாண்டவில்லை. “முற்றும்” என்ற சொல்லைப் பார்த்தபோது வெளிச்சம் இன்னும் மீதியிருந்தது.

திரும்பும் வழியில் பஸ் நிலையத்தில் அஞ்சலையைத் தேடிப் போய், அந்தப் பெண் ஊர் திரும்பிவிட்டாள் என்று சொன்னேன். அஞ்சலை முழம் போடுவதை நிறுத்திவிட்டு, “ஒத்தையாவா, புருசனோடவா?” என்று கேட்டாள். நின்று முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்குக் கதை சொல்ல வராது. இருந்தாலும் அவள் விடவில்லை.

வீட்டுக்கு வந்து, ஊறுகாய் இருந்த ஒரு போத்தலைக் கழுவித் துடைத்து வைத்தேன். என் போத்தலில் இப்போது ஒரு விதை இருக்கிறது.